இடமிருந்து மூன்றாம் கட்டம்

ஜனவரி 24

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அற்புதராணி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இம்மாதம் இருபதாம் நாளுக்குள் தங்களை அடைந்திருக்க வேண்டிய எட்டாம் குளிர்விப்பின் அளவீடு இன்றுவரை தங்களை வந்தடையவில்லை. இத்தாமதத்திற்கு என்னைத் தவிர வேறு எவரும் பொறுப்பல்லர். பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன்.

காரணத்தை ஒரே பத்தியில் எழுத மூன்று முறை முயன்றேன். மூன்று பத்திகளும் என்னை நல்லவளாகக் காட்டின. ஆய்வகக் குறிப்பேட்டிலோ எண்கள் மட்டுமே உள்ளன. சில நாட்களுக்கு அவையும் இல்லை. ஆகவே என் சொந்த நாட்குறிப்பின் பக்கங்களைத் தட்டச்சு செய்து கீழே தருகிறேன். தங்களுக்குத் தொடர்பில்லாத செய்திகளும் இவற்றில் உண்டு. அவற்றை நீக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே எதையும் நீக்கவில்லை.

டிசம்பர் 22

ரிஸ்வானா இன்று காலை கீழக்கரைக்குப் புறப்பட்டாள். ஏழாம் மாதம். ஆய்வு மாணவி ஒருத்தி பிரசவத்திற்குச் செல்லுமுன் மேசையை இத்தனை ஒழுங்காகத் துடைத்துவைத்துச் செல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துடைத்த துணியையும் மடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவதான் குளிர வைக்கணும். பத்திரிகைக்காகக் கட்டுரையப் படிச்ச அந்த ஆளு வேற எதும் கேக்கல. அது முடிஞ்சா அச்சுல வந்துரும், நானும் பிப்ரவரில தீசிஸ் குடுத்துருவேன். பாத்துக்குவீங்கல்ல?"

"இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன்.

"அதுக்கில்லக்கா. தனியா இருப்பீங்களேன்னு."

குளிர்கலன் இருக்கிறதே என்றேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

டிசம்பர் 23

கட்டுரையின் முதற்பக்கத்தை அச்செடுத்தேன். ஆசிரியர் பெயர்கள் மூன்று. முதலில் ரிஸ்வானா, மூன்றாவது பேராசிரியர். நடுவில் பா. அங்கயற்கண்ணி.

இதற்கு முன் வெளிவந்த ஆறு கட்டுரைகளிலும் என் பெயர் இறுதிப் பக்கத்தில், 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்னும் வரியில் இடம்பெற்றது. அவற்றுள் ஒன்றில் 'கன்னி' என்று அச்சாகியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் மட்டுமே முடித்தவள், கருவிகளின் கையேடுகளை அகராதியின் துணையுடன் படித்துப் பதினொரு குறிப்பேடுகளில் தமிழில் எழுதிக்கொண்டவள், ஐம்பத்து நான்காம் வயதில் நடுவில் நிற்கிறாள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நிகழ்ந்ததைப் பதிவு செய்கிறேன்.

பக்கத்தை அலமாரியில், உடைகளுக்குக் கீழே, மடியாமல் வைத்தேன்.

டிசம்பர் 25

விடுமுறை. ஆயினும் வெற்றிட அழுத்தத்தைப் பார்க்கச் சென்றேன். குளிர்நீர் நிலையத்தை இயக்கும் சேவியர் ஒரு துண்டு கேக்குடன் ஆய்வக வாசலில் நின்றிருந்தார். எங்கள் கலனைக் குளிர்விக்கும் கம்ப்ரசருக்கு அவருடைய நிலையத்திலிருந்துதான் நீர் வருகிறது. நீர் நின்றால் கம்ப்ரசர் நிற்கும். கம்ப்ரசர் நின்றால் ஒன்றரை நாள் உழைத்துச் சேர்த்த குளிர் சில மணி நேரத்தில் போய்விடும். அவர் தூத்துக்குடிக்காரர். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

"என்ன புலவரம்மா, ஒத்தப் புள்ளி மொகத்தக் காட்டுச்சா?"

என்னை அவ்வாறு அழைக்க வேண்டாம் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலன் இப்போது அறை வெப்பத்தில் இருப்பதால் புள்ளியைக் காண இயலாது என்று விளக்கினேன்.

"அத ஏன் அவ்வளவு குளுருல போட்டு வதைக்கிதீய? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவருக்காக வாசகங்களைத் தேர்ந்து சொன்னேன். வைரம் என்பது கரி அணுக்கள் அணிவகுத்து நிற்கும் ஒரு படிகம். அவ்வணியில் ஓரிடத்தில் இரண்டு கரி அணுக்கள் விலகி, அவ்விடைவெளியின் நடுவே ஒரு வெள்ளீய அணு வந்து அமர்ந்தால், அதற்கு நிறமையம் என்று பெயர். லேசர் பட்டால் அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிவப்பு ஒளித்துகளை வெளியிடும்; திரையில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். அறை வெப்பத்தில் அதன் நிறம் கலங்கியிருக்கும். சுழியத்திற்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது பாகைக்குக் கொண்டுசென்றால் நிறம் ஒரு கோடுபோல் கூர்மையாகும். வருங்காலத்தில் இரண்டு ஊர்களில் உள்ள இரண்டு நிறமையங்களை ஒளியால் இணைத்து, எவரும் ஒட்டுக்கேட்க முடியாத செய்தி அனுப்பலாம். அதற்கு இரண்டின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சூடாக்கிக் குளிர்விக்கும்போதும் மாறாமலும் இருக்க வேண்டும். ஏழு முறை குளிர்வித்தும் எங்கள் நிறமையம் நிறம் மாறவில்லை. அதுவே எங்கள் கட்டுரை.

அவர் முழுவதையும் கேட்டார். "இவ்வளவையும் மூச்சு விடாம சொல்லுதீய. மத்தியானம் என்ன சாப்ட்டீய?" என்றார்.

கேக்கில் முந்திரி மிகுதி.

டிசம்பர் 28

பழைய பதிவுகளை வரிசைப்படுத்தினேன். எட்டாம் முறைக்கு முன் ஏழும் சீராக இருக்க வேண்டும்.

வைரச் சில்லு இரண்டு மில்லிமீட்டர் சதுரம். அதன் முகத்தில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்களைப் பொறித்திருக்கிறோம். கட்டங்களுக்கு எண் கிடையாது. மூலைகளில் கூட்டல் குறிகள் மட்டுமே. நம் புள்ளி மேலிருந்து நான்காம் வரிசை, இடமிருந்து மூன்றாம் கட்டம். ஒவ்வொரு குளிர்விப்பிலும் சில்லு சுருங்கிச் சற்றே நகரும். அக்கட்டத்திற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் நம்முடையதை மீண்டும் கண்டறிவது கண்ணும் பொறுமையும் கேட்கும் வேலை. அக்டோபரில் நான்காம் குளிர்விப்பின்போது அது வழக்கமான இடத்தில் இல்லை. ரிஸ்வானா கைவிட்டுவிட்டாள். அரை நாள் அண்டை அயலெல்லாம் தேடி, அதே நிறக்கோட்டைப் பிடித்தவள் நான்.

அன்று அவள் ஒரு தேவையற்ற கேள்வி கேட்டது நினைவுக்கு வருகிறது. புதிய லேசருக்கு மேசையில் இடம் விடுவதற்காகக் கேமராவை நகர்த்தி, ஒளி திரும்ப ஒரு கண்ணாடியைக் கூடுதலாக வைத்திருந்தேன். "அக்கா, கண்ணாடி ஒண்ணு கூடிருச்சே, ஏதும் மாறாதா?" என்றாள். "ஒளி குறையாது, நான் அளந்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் வைத்த கண்ணாடிகளின் எண்ணிக்கை உன் வயதைவிட அதிகம்" என்றேன். அவள் அதன்பின் கேட்கவில்லை.

இளையோருக்குக் கேட்கும் ஆர்வம் உண்டு. கேட்க வேண்டியதைத் தேர்ந்து கேட்கும் பயிற்சி பின்னரே வரும்.

ஜனவரி 1

ஆய்வுப் பயணமாக டென்மார்க்கில் இருக்கும் பேராசிரியர் வாழ்த்து அனுப்பியிருந்தார். முறைப்படி பதில் வாழ்த்து அனுப்பினேன்.

ஜனவரி 6

வெற்றிடம் நிலைபெற்றது. மதுரையிலிருந்து தம்பி பேசினான். பொங்கலுக்கு வருகிறாயா என்றான். கலனை விட்டு வர இயலாது என்றேன். "சரிக்கா" என்றான். முன்பெல்லாம் மூன்று முறை வற்புறுத்துவான்; பின் இரண்டு முறை. அவனுக்கும் வேலைகள் இருக்கும்.

ஜனவரி 9

எட்டாம் குளிர்விப்பைப் பொங்கல் விடுமுறையில் நடத்துவது என முடிவு செய்தேன். வளாகத்தின் எதிரே சாலை போடும் இயந்திரம் அந்நாட்களில் ஓடாது, அதிர்வு இராது. தடை ஒன்றே: விடுமுறையில் குளிர்நீர் நிலையத்தை அணைத்துவிடுவார்கள். எழுத்து வடிவில் ஒரு வேண்டுகோளைத் தயாரித்து எடுத்துச் சென்றேன்.

சேவியர் படித்துப் பார்த்தார். "'தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடி'… எங்கிட்டயா நாடுதீய? ஒரு வார்த்த சொன்னா போதாதா?"

"எழுத்தில் இருப்பதே முறை."

"சரி, நானும் எழுத்துலயே தாரேன்." என் கடிதத்தின் அடியில் 'ஆட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் பொங்கலுக்குத் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குச் செல்வதாக இருந்தது என்று பிறகு காவலாளி கூறினார். செல்ல மனமில்லை போலும்.

ஜனவரி 12

காலை எட்டு மணிக்குக் குளிர்விப்பு தொடங்கியது. கம்ப்ரசரின் மூச்சு சீராக உள்ளது. நொடிக்கு ஒருமுறை சற்று அதிகமாக. பழகிவிட்டால் அதன் ஒலி காதில் விழுவதில்லை, நின்றால்தான் விழும்.

நான் தங்கும் விடுதியில் சமையல் இல்லை. அவல் நனைத்து உண்டேன்.

ஜனவரி 13

பிற்பகல் மூன்று மணி. நான்கு கெல்வின், அதாவது சுழியத்திற்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது பாகை.

நான்காம் வரிசை, இடமிருந்து மூன்றாம் கட்டம். புள்ளி இம்முறையும் சற்று நகர்ந்திருந்தது. நாற்பது நிமிடம் தேடினேன். நிறக்கோடு கிடைத்தது. முந்தைய ஏழு அளவீடுகளோடு ஒப்பிட அலைவெண் வேறுபாடு இருநூறு மெகாஹெர்ட்சுக்குள் அடங்குகிறது. எட்டு முறை. நிறம் மாறவில்லை.

கணினித் திரையின் முன் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். சொல்வதற்கு யாரையும் அழைக்கவில்லை. நாளை மறுபடி சரிபார்த்து அனுப்புவேன்.

ஜனவரி 14

பொங்கல். வளாகத்தில் காவலாளிகளும் நாங்கள் இருவரும் மட்டும். பத்து மணிக்குச் சேவியர் தூக்குப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்.

"நீங்கள் சமைத்ததா?"

"யூடியூப் பாத்து வச்சேன். வெல்லம் கூடிட்டு. திட்டாம சாப்பிடுங்க."

வெல்லம் கூடுதல்தான். எட்டாம் அளவீடு கிடைத்ததை அவருக்குத் தெரிவித்தேன். அவர் கைபேசியை எடுத்து, "அப்ப போட்டா எடுத்தாவணும். பேரு பேப்பர்ல வரப்போகுதுல்லா, நாளைக்கு யாரும் கேட்டா காட்டணும்" என்றார். மறுத்தேன். அதற்குள் அருகில் வந்து நின்று கைபேசியை நீட்டிவிட்டார். திரையில் நாங்கள் இருவரும், பின்னால் கலனும் தெரிந்தோம். என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் என் பெயரின் எழுத்துகள் வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தன.

"என் பெயர் மாறித் தெரிகிறது" என்றேன்.

"அது முன் கேமராம்மா. கண்ணாடி மாதிரி எடத்த வலமாத்தான் காட்டும். எடுத்த பெறவு திருப்பிக்கிடலாம்."

எடுத்தார். திருப்பிக் காட்டினார். பெயர் சரியாக இருந்தது. எனக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுச் சென்றார்.

பிற்பகலில் கேமராவின் பழைய படங்களைத் திறந்தேன். சில்லைத் தாங்கியில் ஒட்டிய வெள்ளிப் பசை ஒரு மூலையில் வழிந்து கறையாக நிற்கும். ஆகஸ்ட் படத்தில் கறை இடப்பக்கக் கீழ்மூலையில் உள்ளது. இன்றைய படத்தில் வலப்பக்கக் கீழ்மூலையில்.

சில்லை நான் ஒருமுறையும் பெயர்த்து ஒட்டவில்லை.

நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 15

தலைவலி. அளவீடு இல்லை.

ஜனவரி 16

பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல்: "கண்ணி, ரிசல்ட் வந்தாச்சா? ஒரு வரி போடுங்க."

கம்ப்ரசரில் சிறு பழுது, சரிசெய்து வருகிறோம் என்று எழுதி அனுப்பினேன். கம்ப்ரசரில் பழுது இல்லை.

ஜனவரி 17

கலன் நான்கு கெல்வினில் உள்ளது.

ஜனவரி 18

எழுதியே தீர வேண்டும்.

அக்டோபரில் நான் வைத்த கூடுதல் கண்ணாடி, கேமராவின் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டது. ஒளி குறைகிறதா என்று அளந்தேன். திசை மாறுகிறதா என்று பார்க்கவில்லை. அன்று முதல் நான் 'இடமிருந்து மூன்றாம் கட்டம்' என்று எண்ணியது உண்மையில் வலமிருந்து மூன்றாம் கட்டம். நம் புள்ளி அங்கே இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

பிறகு எப்படி ஒவ்வொரு முறையும் கிடைத்தது? பழைய பதிவுகளை நான்கு நாட்களாக அடுக்கிப் பார்த்துவிட்டேன். நான்காம் குளிர்விப்பு முதல் எட்டாம் குளிர்விப்புவரை, ஐந்து முறையும் புள்ளி ஐந்து வேறு இடங்களில் இருக்கிறது. 'சற்று நகர்ந்திருந்தது' என்று ஐந்து முறை என் கையால் எழுதியிருக்கிறேன். நகர்ந்தது ஒரே புள்ளி அல்ல; ஐந்தும் வேறு வேறு புள்ளிகள். நூற்றுக்கணக்கான புள்ளிகளில் பழைய நிறத்திற்கு மிக நெருங்கிய நிறம் எதற்கு இருந்ததோ, அதையே நம் புள்ளி என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்திருக்கிறேன். பின்னர் நிறம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

இன்று காலை கேமராவை வலமிருந்து எண்ணி உண்மையான கட்டத்திற்குக் கொண்டுசென்றேன். ஆகஸ்ட் படத்தில் இருந்த அதே இடத்தில், ஒரு மைக்ரோன்கூடப் பிசகாமல், லேசரை நிறுத்தினேன். இருள். நிறமையங்கள் சில சமயம் மின்னூட்டம் இழந்து அணைந்துகிடக்கும். நீல ஒளியை ஒரு துடிப்பு கொடுத்தால் விழிக்கும். கொடுத்தேன். இல்லை. இன்னொரு துடிப்பு. நிறத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே சென்றேன். பதினொன்றரை மணிக்கு ஒளித்துகள் எண்ணும் கருவியின் கணக்கு ஏறத் தொடங்கியது. நொடிக்கு நானூறு, இரண்டாயிரம், ஒன்பதாயிரம் ஒளித்துகள்கள். செப்டம்பருக்குப் பின் அதை எவரும் பார்க்கவில்லை. அது அங்கேயே இருந்திருக்கிறது.

அதன் நிறம் ஆறாயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ் விலகியுள்ளது. கட்டுரை சொல்லும் எல்லையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்.

கண்ணாடி வைத்த நாளன்று ரிஸ்வானா கேட்டது தேவையற்ற கேள்வி அன்று.

ஜனவரி 19

ரிஸ்வானாவை அழைத்தேன். சொல்வதற்காகவே அழைத்தேன்.

"அக்கா, உம்மா என்னய நடக்கவே விட மாட்டேங்குது. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கக் கூடாதாம். புள்ள உள்ள ஒதச்சுக்கிட்டே இருக்கு. ரிசல்ட் அனுப்பிட்டீங்களா? அச்சுக்குப் போயிருச்சுன்னு சொன்னாத்தான் இவங்க நா படிச்சதையே நம்புவாங்க போல."

"உடல்நலத்தைப் பார்த்துக்கொள்" என்றேன்.

"நீங்க ஏன்க்கா ஒரு மாதிரி பேசுறீங்க?"

"தொடர்பு சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். தொடர்பு தெளிவாக இருந்தது. அங்கே ஆடு கத்துவதுகூடக் கேட்டது.

இரண்டு அளவீடுகள் இரண்டு கோப்புகளாக மேசைக்கணினியில் உள்ளன. முதலாவதை அனுப்பினால் கட்டுரை வெளிவரும். கட்டங்களுக்கு எண் இல்லை. கறையைப் பார்க்க எவரும் வரப்போவதில்லை. என் பெயர் நடுவில் இருக்கும். இதை நான் ஐந்து நாட்களாகச் சிந்திக்கவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு கம்ப்ரசர் பழுதாகிவிடும்.

ஜனவரி 20

இன்று கடைசி நாள். காலையில் சேவியர் வந்தார். வழக்கமான கேள்வி இல்லை.

"பேராசிரியரம்மா எனக்குப் போன் போட்டாவ. கம்ப்ரசர் பழுதாமே, தண்ணி சரியா போகுதா, கண்ணிக்கு ஒத்தாச பண்ணுங்கன்னாவ."

"நீங்கள் என்ன கூறினீர்கள்?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? கம்ப்ரசர் கிண்ணுன்னு ஓடிக்கிட்டு இருக்கு, நீங்க சொன்னது பொய்யின்னா சொல்ல முடியும்?"

அவர் கோபத்துடன் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. என் சொல்லுக்கு நானே பொறுப்பு என்று இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவளுக்காக, எழுத்தில் 'ஆட்டும்' என்று மட்டும் எழுதித் தரும் ஒருவர் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறது.

அமரச் சொல்லி, அனைத்தையும் கூறினேன். கண்ணாடி, கறை, ஐந்து புள்ளிகள், இரண்டு கோப்புகள். நெடுநேரம் ஆயிற்று. அவர் தாடையைச் சொறிந்தார்.

"அதாவது, சட்டையப் பாத்து ஆள அடையாளங் கண்டுகிட்டு, பெறவு ஆளு சட்டையே மாத்தலன்னு எழுதிட்டீய. அதான?"

நான் நான்கு பக்கங்களில் எழுதியது அதுதான். ஆம் என்றேன்.

"நெச ஆளு எங்க?"

"திருப்பிக் காட்டும் இந்தத் திரையில் இடமிருந்து எட்டாம் கட்டத்தில். பாருங்கள், அதோ."

அவர் குனிந்து பார்த்தார். கரிய திரையில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி. "இம்புட்டு நாளும் தனியாவா கெடந்துச்சு?"

"நிறமையத்திற்குத் தனிமை என்பது கிடையாது" என்றேன்.

"அது சரி" என்றார். பின், "கம்ப்ரசர நா பாத்துக்கிடுதேன். நீங்க மத்ததப் பாருங்க. அம்மா திரும்பப் போன் பண்ணா நா இனிமே பொய் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிச் சென்றார்.

ஜனவரி 21

ரிஸ்வானாவிடம் கூறினேன். முதலில் உன் கணவர் அருகில் இருக்கிறாரா, நீ அமர்ந்திருக்கிறாயா என்று கேட்டேன். அதனாலேயே அவள் பயந்துவிட்டாள். பேராசிரியருக்கு எதுவும் நேர்ந்துவிட்டதா என்றாள்.

அனைத்தையும் சொல்லி முடித்தேன்.

"நா கேட்டேன்ல" என்றாள்.

"கேட்டாய்."

"கண்ணாடி வச்ச அன்னைக்கே கேட்டேன். நீங்க எம்புட்டுப் பெருமையா பதில் சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு எதயும் கேக்கவே கூச்சமா இருந்துச்சு."

"உண்மை. நீ கேட்டது சரி. நான் பதில் சொன்ன விதமே தவறு. இதைப் பேராசிரியருக்கும் எழுதுவேன்."

"எழுதி என்னக்கா ஆகப்போகுது? என் ஃபெலோஷிப் மார்ச்சோட முடியுது. கைல புள்ளய வச்சுக்கிட்டு நா மறுபடி எங்கருந்து ஆரம்பிக்க?" பின், "நீங்க சொல்லாம இருந்துருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்னீங்க?"

அவள் வைத்துவிட்டாள்.

அலமாரியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மீண்டும் உள்ளே வைத்தேன். கிழிப்பது நாடகத்தனம்.

ஜனவரி 22

சாலை இயந்திரம் மறுபடி ஓடுகிறது. நிறக்கோடு சற்று நடுங்குகிறது. புள்ளி அணையவில்லை.

சேவியர் அந்தப் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறார். நான் இவ்வளவு நேராகத்தான் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

ஜனவரி 23

காலை ஏழு மணிக்கு ரிஸ்வானாவிடமிருந்து குறுஞ்செய்தி: "அக்கா ஆகஸ்ட் படமும் இப்ப உள்ள படமும் அனுப்புங்க. நானும் எண்ணிப் பாக்கணும்."

அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து: "ஆமா. எட்டாவது. அங்கயே இருக்கு." அதன்பின் இன்னொன்று: "உண்மையாவே நிறம் எவ்வளவு மாறுதுன்னு இதுவர யாருமே ஒரே புள்ளிய விடாமப் பாத்ததில்ல. அதயே எழுதலாமான்னு மேடத்துக்கிட்ட கேளுங்க. நா கேட்டா அழுதுருவேன்."

குறிப்பேட்டில் விடுபட்ட நாட்களுக்கு எதிரே, 'அளவீடு இல்லை. காரணம் கருவியன்று, நான்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கேமராத் திரையில் படத்தின் ஓரமாக 'இடம்' என்றும் 'வலம்' என்றும் இரண்டு காகிதங்களை ஒட்டினேன். எண் பொறிக்காத கட்டங்களை இனி ஏற்பதில்லை.

ஜனவரி 24, தொடர்ச்சி

அம்மையார் அவர்களே, நாட்குறிப்பு இத்துடன் நிறைவுறுகிறது. உண்மையான புள்ளியின் அளவீடும், தவறான ஐந்தும், இரண்டு படங்களும் இணைப்பில் உள்ளன. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், பிழை எவருடையது என்னும் வரியில் என் பெயரை முழுமையாகவும் எழுத்துப் பிழையின்றியும் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். ரிஸ்வானா அக்டோபர் மாதமே கேட்டாள் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். சேவியர் அவர்கள் தங்களிடம் கூறியது என் பொருட்டு. அவர்மீது வருத்தம் வேண்டாம்.

ரிஸ்வானாவின் ஃபெலோஷிப்பை ஆறு மாதம் நீட்டிக்கத் தாங்கள் பரிந்துரைத்தால், அவள் திரும்பும்வரை அளவீடுகளை நான் தொடர்வேன். அவளுடைய கேள்வியைத் தங்கள் முன் வைக்கிறேன்: இனி இந்த ஒரே புள்ளியை விடாமல் தொடர்ந்து, அதன் நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதையே எழுதலாமா? அதில் என் பெயர் எங்கே இடம்பெற வேண்டும் என்பதை நான் கேட்கவில்லை.

கலன் இன்னும் நான்கு கெல்வினில் உள்ளது. கம்ப்ரசரில் பழுது எதுவும் இல்லை. புதன்கிழமை பராமரிப்புக்காகக் குளிர்நீரை நிறுத்த வேண்டும் என்று சேவியர் கூறுகிறார். தாங்கள் சொன்னால் ஒரு வாரம் தள்ளிவைப்பார். புள்ளியைக் குளிரிலேயே வைத்திருப்பதா, சூடாக்கி ஒன்பதாம் முறை தொடங்குவதா என்பதைச் செவ்வாய்க்கிழமைக்குள் தெரிவியுங்கள். விரைவில் பதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
பா. அங்கயற்கண்ணி